விமானத்தின் இறக்கை இப்படி ஆடலாமா? உம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்

கேள்வி: 2024 பெப்ரவரி 9

எங்கள் உம்மா இந்த மாதக் கடைசியில் உம்ராவுக்குப் போகிறா. வயது 63, பிளேன் ஏறுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த விமானத்தில் கதவு பிய்ந்து போன வீடியோவை யாரோ வட்ஸ்அப்பில் காட்டிவிட்டார்கள். அதோடு மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது எடுத்த வீடியோவில் இறக்கை மேலும் கீழும் ஆடுகிறது. "இது முறிஞ்சா என்ன மகன் செய்யிற?" என்று கேட்கிறா. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் உம்மாவுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன்.

பெப்ரவரி 9, இரவு 10.15

தம்பி, நான் மட்டக்களப்பு, கல்லடி. வளைகுடாவில் ஒரு விமானப் பராமரிப்பு ஹேங்கரில் பதினொரு வருடம் தகட்டு வேலை செய்தேன். விமானத்தின் தோலில் வெடிப்புத் தேடுவது, கெட்ட ரிவெட்டை, அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியை, துளைத்து எடுத்துப் புதிது அடிப்பது, ஒட்டுத் தகடு போடுவது. இப்போது ஊரில் வள்ளக்காரரின் எஞ்சின்களைத் திருத்துகிறேன். கையால் தொட்டதைச் சொல்கிறேன்.

இறக்கை ஆடுவது நல்லது. உம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியின்போது அவருக்குப் பதினேழு வயது இருந்திருக்கும். அந்த இரவில் எது முறிந்தது, எது நின்றது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். எங்கள் வளவில் காற்றோடு சாய்ந்து சாய்ந்து எழும்பிய இளந்தென்னைகள் மிஞ்சின. விறைத்து நின்ற முற்றின மரங்கள் நடுவில் முறிந்தன. இறக்கையை வளையும்படிதான் செய்கிறார்கள். காற்று கீழிருந்து ஓர் இடி இடித்தால் அதை இறக்கை தன் வளைவில் வாங்கிக்கொள்கிறது, உடம்புக்குக் கடத்துவதில்லை.

எவ்வளவு வளையும் என்பதை முறித்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். போயிங் 777 பயணிகளை ஏற்றுவதற்கு முன், 1995 ஜனவரியில், ஒரு முழு விமானத்தைக் கட்டடத்துக்குள் கட்டி வைத்து இரண்டு இறக்கைகளையும் மேல்நோக்கி இழுத்தார்கள். பறக்கும் காலம் முழுவதிலும் வரக்கூடிய ஆகப் பெரிய சுமையை 100 என்று வைத்தால், விதி கேட்பது 150. அந்தச் சுமையில் 3 செக்கன் தாங்க வேண்டும். 777 இன் இறக்கை 154 இல் முறிந்தது. அப்போது நுனி ஏறத்தாழ 24 அடி மேலே போயிருந்தது. ஓட்டு வீட்டின் முகட்டையும் தாண்டிய உயரம் அது. மச்சானின் வீடியோவில் ஆடியது அதற்குப் பக்கத்திலும் வராது.

பெப்ரவரி 10, காலை 6.50

இரவு எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: எல்லா விமானமும் 150 ஐத் தாண்டிவிடுமா?

இல்லை. எயார்பஸ் ஏ380 இன் இறக்கை 2006 பெப்ரவரியில் 147 அளவில் முறிந்தது. மூன்றே மூன்று குறைவு. "பரவாயில்லை, இவ்வளவு சுமை எங்கே வரப்போகிறது" என்று விடவில்லை. முறிந்த இடத்தைப் பலப்படுத்தினார்கள், சுமார் 30 கிலோ உலோகம் கூடியது. அந்தப் பெரிய விமானத்துக்கு 30 கிலோ என்பது ஒரு பயணியின் பெட்டி. எனக்கு 777 இன் வெற்றியைவிட இந்தத் தோல்விதான் நம்பிக்கை தருகிறது. முறிய வேண்டியது பட்டறைக்குள் முறிந்தது.

பெப்ரவரி 10, பகல் 1.30

அந்தக் கதவு. அது உண்மையில் கதவே இல்லை. போயிங் 737 மெக்ஸ் 9 இல் கூடுதல் ஆட்களை ஏற்றும் நிறுவனங்களுக்காக ஓர் அவசர வழிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆட்கள் குறைவான விமானத்தில் அந்த இடத்தை ஒரு பலகையால் அடைத்துவிடுவார்கள். அது மேல்நோக்கி நழுவாமல் நான்கு போல்ட்கள் பிடித்திருக்க வேண்டும். ஜனவரி 5 ஆம் தேதி 16,000 அடிக்குக் கிட்ட அந்தப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர், ஒருவரும் சாகவில்லை. இந்த வாரம், பெப்ரவரி 6 இல், விசாரணையின் முதல் அறிக்கை வந்திருக்கிறது. தொழிற்சாலையில் பக்கத்தில் இருந்த கெட்ட ரிவெட்களை மாற்றுவதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது அந்த நான்கு போல்ட்களும் போடப்படவில்லை என்றே தெரிகிறது.

வாசித்ததும் நெஞ்சு கனத்தது. ரிவெட் மாற்றுவது என் வேலை. வழிவிடுவதற்காக ஒரு பொருளைக் கழற்றுகிறோம். நம் வேலை முடிந்த சந்தோஷத்தில், கழற்றியதை இன்னொருவர் பூட்டுவார் என்று விட்டுவிட்டால் அவ்வளவுதான். அதற்காகத்தான் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் தாளில் எழுது என்கிறார்கள். முறுக்கிப் பூட்டிய நட்டின் மேல், அதையும் தகட்டையும் சேர்த்து, ஒரு கோடு வண்ணம் தீட்டுவோம். நட்டு ஒரு நூல் அசைந்தாலும் கோடு முறிந்து காட்டும். மூடிய பலகைக்குள் இல்லாமற்போன போல்ட்டை எந்தக் கோடும் காட்டாது, தாள்தான் காட்டும்.

உம்மா ஏறி இறங்கும் கதவு வேறு. 737 இல் அதைத் திறக்க முதலில் உள்ளே இழுக்க வேண்டும், பிறகுதான் திருப்பி வெளியே தள்ளலாம். உயரத்தில் உள்ளே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஏறத்தாழ 8 இறாத்தல் வீதம் கதவை நெரிக்கிறது. ஆறடிக்கு மூன்றடி என்று கணக்குப் போட்டால் 9 தொன்னுக்கு மேல். எந்தப் பயில்வானாலும் அசைக்க முடியாது.

பெப்ரவரி 10, பகல் 1.45

மறந்துபோனேன். யன்னலில் கீழ்ப்பக்கம் குண்டூசித் தலை அளவு ஓர் ஓட்டை தெரியும். அதைக் கண்டு உம்மா பயப்படக்கூடாது. யன்னல் மூன்று அடுக்கு. காற்றழுத்தத்தைத் தாங்குவது ஆக வெளியே இருப்பது. நடுவில் இருப்பது அது உடைந்தால் பொறுப்பெடுக்க நிற்கும் அடுக்கு. அந்த ஓட்டை நடு அடுக்கில் வேண்டுமென்றே போட்டது. சுமை முழுவதும் வெளி அடுக்குக்கே போகட்டும் என்பதற்கும், யன்னலில் பனி படியாமல் இருப்பதற்கும். நாம் கை வைப்பது மூன்றாவது, அது கீறல் படாமல் காக்க மட்டும்.

பெப்ரவரி 11

தம்பி தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். நான் "விமானத்தின் தோலில் வெடிப்புத் தேடுவது" என்று எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்ட, அவர் குண்டு வெடிப்பு என்று எண்ணிப் பாயில் எழும்பி உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் வாயில் சுவர் வெடித்தாலும் வெடிப்புத்தான், குண்டு வெடித்தாலும் வெடிப்புத்தான். யுத்தம் கண்ட காதுக்கு இரண்டாவதுதான் முதலில் கேட்கும். இனிமேல் கீறல் என்றே எழுதுகிறேன்.

பெப்ரவரி 12, இரவு

"பறக்கும்போது உடம்பு பிளந்த விமானம் உண்டா" என்று மருதமுனையிலிருந்து ஒருவர் கேட்டார். உண்டு. அதிலிருந்துதான் இந்தத் தொழிலே பாடம் படித்தது.

1952 மே மாதம் இங்கிலாந்தின் கொமெற் விமானம் சேவைக்கு வந்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட். அந்த வருடமே ஓகஸ்ட்டில் கொழும்புக்கும் வந்துபோனது. 1954 ஜனவரி 10 அன்று ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானத்தில் சிதறிக் கடலில் விழுந்தது. ஏப்ரல் 8 இல் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம். காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற ஊரில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பறப்பது போலவே செய்தார்கள். காற்றை நிரப்பினால் பிளக்கும்போது குண்டு போல வெடித்து ஆதாரமெல்லாம் அழிந்துவிடும். தண்ணீர் நசுங்காது, கீறல் தொடங்கிய இடம் அப்படியே மிஞ்சும். அந்த விமானம் ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 தடவையில் தோல் கிழிந்தது.

ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளையுங்கள். முதல் பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பிறகு பலமே கொடுக்காமல் முறியும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒவ்வொரு பறப்பிலும் விமானம் ஒரு தடவை ஊதிச் சுருங்குகிறது. கொமெற்றின் யன்னல்கள் சதுரமாக இருந்ததால் மூலையில் இழுவை குவிந்து அங்கே கீறல் விட்டது. அதனால்தான் இன்றைக்கு யன்னல்களின் மூலைகள் வளைந்திருக்கின்றன.

பெப்ரவரி 13, காலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஹேங்கரில் எல்லோரும் சொல்லும் கதையை அப்படியே எழுதிவிட்டேன். கொமெற்றின் பயணி யன்னல்கள் சுத்தச் சதுரம் இல்லை, மூலைகள் ஓரளவு வளைந்தே இருந்தன. எல்பாவில் விழுந்த விமானத்தின் கூரைத் துண்டைக் கடலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, கீறல் தொடங்கியது பயணி யன்னலில் அல்ல. கூரையில், திசைகாட்டும் ரேடியோ அன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில். தோலில் எந்தத் திறப்பு வெட்டினாலும் அதன் மூலையில் இழுவை குவியும் என்பது சரிதான். குற்றத்தைச் சதுரத்தின் மேல் மட்டும் போடுவதுதான் பிழை. தகட்டின் தடிப்பு, ரிவெட் துளை போட்ட விதம், எல்லாமே அதில் பங்கு.

பெப்ரவரி 16, நெடுநாளாக எழுத நினைத்தது

உப்பு. கடற்கரையில் பிறந்தவனுக்கு இதை எழுதாமல் இருக்க முடியாது.

1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகள். ஒரு பழைய போயிங் 737, ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு. 24,000 அடியில் அதன் கூரை 18 அடி நீளத்துக்குக் கழன்று போனது. பயணிகள் திறந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவரைக் காற்று கொண்டுபோய்விட்டது. மற்ற 94 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அந்த விமானம் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பறப்பாக 89,000 க்கும் மேற்பட்ட தடவை பறந்திருந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஊதல், ஒரு சுருக்கம். எப்போதும் கடற்காற்று. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பொருத்தில் இருந்த பசை விட்டுப்போய், உள்ளே ஈரமும் உப்பும் புகுந்து, சுமை எல்லாம் ரிவெட்களின் மேல் விழுந்தது. ஒரு ரிவெட் துளையில் மயிரிழைக் கீறல், பக்கத்துத் துளையில் இன்னொன்று. தனித்தனியே ஒன்றும் ஆபத்தில்லை. எல்லாம் ஒரே வரிசையில் கைகோத்தபோது கூரை ஸிப் போலத் திறந்தது.

பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1924 இல் திறந்த இரும்புப் பாலம். சின்ன வயதில் அதன் கம்பியைச் சுரண்டினால் கறள் செதிள் செதிளாகக் கையில் வரும். இரும்பு தன் நோயைச் சிவப்பாக வெளியே காட்டும். அலுமினியம் அப்படி இல்லை. போன கிழமை ஒரு வள்ளக்காரர் எஞ்சின் கொண்டுவந்தார். அலுமினிய உடலில் யாரோ எவர்சில்வர் போல்ட் பூட்டியிருந்தார்கள், இடையில் ஒரு பூச்சும் இல்லை. வெளியில் பளபளப்பு. போல்ட்டைத் திருப்பியதும் திருகுப்புரி முழுக்க வெள்ளை மாவாக உதிர்ந்தது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், அது ஒரு பற்றரி. விமானத்தில் இதற்காகவே ஒவ்வொரு பொருத்துக்கும் இடையில் பசைப்பூச்சு வைக்கிறோம், ரிவெட்டைக்கூட அதில் நனைத்து அடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கீறலைத் தேட மின்சுருள் பொருத்திய பேனா போன்ற ஒரு கருவி உண்டு. அதை ரிவெட் ரிவெட்டாக நகர்த்தினால், கீறல் இருக்கும் துளையில் திரைக்கோடு துள்ளும். ஓர் இரவு முழுக்க ஒரே வரிசை ரிவெட்களை இப்படித் தடவியிருக்கிறேன். ஹவாய்க்குப் பிறகுதான் வயது போன விமானங்களுக்கென்று இந்தத் தேடல்கள் இவ்வளவு கடுமையாக்கப்பட்டன.

என்னை உறுத்துவது வேறொன்று. அன்று ஏறும்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு கீறலை ஒரு பயணி கண்டிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

பெப்ரவரி 17

சொல்வது பற்றி. என் மூன்றாவது வருடம், அதிகாலை மூன்று மணி. ஆறு மணிக்குப் போக வேண்டிய விமானம். என் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே வெட்டிய பள்ளம் உண்டு. மூடப் போனேன், ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தது. விரல்நுனி அளவு பிட் ஒன்று. விமானத்துக்குள்தான் எங்கோ. சொன்னால் விமானம் நிற்கும், என் சம்பளமும் போகலாம். வீட்டில் தங்கச்சியின் கல்யாணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த காலம்.

போய்ச் சொன்னேன். விமானத்தை நிறுத்தினார்கள். சின்னக் கண்ணாடியும் டோர்ச்சுமாக நாலு பேர் மூன்று மணித்தியாலம் தேடினோம். சாமான் அறையின் தரைப்பலகைக்குக் கீழே, பழைய பசையில் ஒட்டிக் கிடந்தது. மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. நான் அழுகிற நிலையில் நின்றேன். "சொல்லாமல் அறைக்குப் போயிருந்தால்தான் உனக்கும் எனக்கும் பகை. இப்போது போய்த் தேத்தண்ணி குடி" என்றார். சம்பளத்தில் ஒரு சதம் வெட்டவில்லை. வேறு இடங்களில் வெட்டியதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி வெட்டும் இடத்தில் அடுத்த முறை ஒருவனும் சொல்லமாட்டான்.

பெப்ரவரி 20

"மட்டக்களப்புக்கு வரும் சின்ன விமானத்துக்கு ஒரே எஞ்சின், அது நின்றால்?" என்ற கேள்வி நியாயமானது. அந்த செஸ்னா காரவன் ரகத்தில் மூக்கில் ஒரே ஒரு டர்பைன், பிடி6 என்பார்கள். எஞ்சின் நின்றால் விமானம் கல் போல விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கும் நேரத்தில் வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு உயிர் மிஞ்சும். அதனால் இப்படியான ஒற்றை எஞ்சின் விமானங்கள் 61 நொட் வேகத்திலும், அதாவது மணிக்கு 113 கிலோமீற்றரிலும், காற்றில் விழாமல் பறக்கும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி வைத்தார்கள். அந்த அகலமான நேர் இறக்கை அதற்குத்தான்.

நம் ஓடுபாதை வாவிக்கரையில் இருக்கிறது, பறவைகள் உண்டு. இரண்டு எஞ்சின் இருந்தும் 2009 ஜனவரி 15 இல் நியூயோர்க்கில் வாத்துக் கூட்டம் இரண்டையும் ஒன்றாக நிறுத்தியது. விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். ஆக, எஞ்சினை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது.

பெப்ரவரி 23, இரவு

உம்மா நாளைக்குப் போகிறார். தம்பி, இதை மட்டும் அவருக்குப் பாடமாக்கிக் கொடுங்கள். உட்கார்ந்ததும் முன்னேயும் பின்னேயும் கதவுக்கு எத்தனை வரிசை என்று கையால் தொட்டு எண்ணட்டும். புகையில் கண் தெரியாது, கை தெரியும். எந்த அவசரம் என்றாலும் பையை எடுக்கக்கூடாது. தஸ்பீஹும் பாஸ்போர்ட்டும் கழுத்துப் பையில் இருக்கட்டும்.

போன மாதம் 2 ஆம் தேதி தோக்கியோ ஹனேடாவில் ஏ350 ஒன்று இறங்கும்போது இன்னொரு விமானத்தில் மோதி எரிந்தது. அந்தச் சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரியதில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 செக்கனில் எல்லோரும் இறங்கிக் காட்ட வேண்டும் என்பது விமானத்தை விற்பதற்கு முன் இருக்கும் சோதனை. வழியில் ஒரு பை குறுக்கே நின்றால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும்.

மார்ச் 10

இன்றைக்கு எதியோப்பிய விமானம் விழுந்து ஐந்து வருடம். 157 பேர். அதற்கு முன் 2018 ஒக்டோபர் 29 இல் இந்தோனேசியாவில் 189 பேர். இரண்டும் 737 மெக்ஸ் 8.

இந்த இழையில் தகடு, ரிவெட், உப்பு என்றே எழுதிக்கொண்டு போனேன். அந்த இரண்டு விமானங்களின் தோலில் ஒரு கீறலும் இல்லை. மூக்கு அதிகம் தூக்கினால் தானாகவே கீழே தள்ளும் ஒரு மென்பொருள். காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார்க்கும் சிறு தகடுகள் மூக்கின் இரு பக்கத்திலும் இருந்தன. மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒன்றின் பேச்சை மட்டும் கேட்டது. அது பொய் சொன்னபோது மற்றதிடம் கேட்கவில்லை, மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. யன்னலில்கூட ஒன்று உடைந்தால் இன்னொன்று என்று வைத்தவர்கள் இதில் எப்படி விட்டார்கள்? இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அந்த ரகம் முழுவதையும் அமெரிக்காவில் இருபது மாதம் தரையில் நிறுத்தினார்கள். 2020 நவம்பரில் விட்டபோது, இரண்டு தகடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மென்பொருள் விலகிக்கொள்ளும்படி மாற்றியிருந்தார்கள்.

முதல் நாள் நான் இறக்கையைப் பற்றி மட்டும் எழுதி "பயமில்லை" என்ற தொனியில் முடித்தது அரைப் பதில்தான்.

மார்ச் 13

உம்மா நோன்புக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார். தம்பி கல்லடிக்கு வந்து பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தல் ஸம்ஸம் தண்ணீரும் தந்துவிட்டுப் போனார். உம்மா வரிசை எண்ணினாராம், முன்னே ஒன்பது, பின்னே நாலு. இறக்கை ஆடியதைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அவர் ஒரு கேள்வி கொடுத்தனுப்பியிருக்கிறார். கட்டுநாயக்காவில் சில்லு நிலத்தில் பட்டதும் இறக்கையின் மேல் பலகை பலகையாகத் திறந்துகொண்டதே, அது ஏன், ஏதாவது கழன்றுவிட்டதா?

இல்லை உம்மா. நிலத்தில் பட்ட பிறகும் அந்த வேகத்தில் இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். பாரம் முழுக்கச் சில்லில் விழாது, பாரம் விழாத சில்லில் பிரேக் பிடித்தால் வழுக்கும். அந்தப் பலகைகள் எழும்பி இறக்கை மேல் ஓடும் காற்றைக் குழப்புகின்றன. தூக்கல் போய்விடும், விமானம் சில்லில் கனத்து உட்காரும், பிரேக் பிடிக்கும். பலகை எழும்பியதும் இருக்கையில் ஒரு கனம் கூடியது போல இருந்திருக்குமே, அதுதான்.